நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும் போதுமா?

"ஏண்டா இப்படிக் கூன் போட்டு உக்காந்திருக்க? நிமிர்ந்து உக்காரு!"

இந்த வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பே இல்லை. அம்மா சொல்வார். தாத்தா முதுகில் ஒரு தட்டு தட்டிச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் கையில் பிரம்போடு சொல்வார். சொன்ன உடனே எல்லோரும் நிமிர்வார்கள். சரியாக இரண்டு நிமிடம்! அப்புறம் பழையபடி தோள் முன்னால் வந்துவிடும், கழுத்து ஆமை மாதிரி நீளும், முதுகு வில்லாக வளையும்.

இத்தனை வருடமாக இத்தனை பேர் சொல்லியும் ஒரு அறிவுரை வேலை செய்யவில்லை என்றால், கேட்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமா? அறிவுரையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்தக் கோளாறு என்ன, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரு காமர்ஸ் மாணவரின் ஒரு நாள்

பி.காம் படித்துக்கொண்டே சி.ஏ.வுக்கும் தயாராகும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். காலையில் பஸ்ஸில் குனிந்தபடி மொபைல். அப்புறம் கல்லூரி பெஞ்சு. அந்த பெஞ்சைச் செய்தவர் மனித முதுகைப் பார்த்திருக்கவே மாட்டார். படிப்பு முடிந்து ஆர்ட்டிகிள்ஷிப்புக்குப் போனாலோ, காலை 10 மணிக்கு ஆடிட்டர் அலுவலகத்தில் உட்கார்ந்தால் எழுவதற்கு இரவு ஆகிவிடும். டேலியில் வவுச்சர் போடுவது, எக்ஸெலில் லெட்ஜரை ஒப்பிடுவது, ஜி.எஸ்.டி. போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருப்பதை வெறித்துப் பார்ப்பது... மாதத்தில் 20ஆம் தேதி நெருங்கினால் சாப்பாடுகூட அதே நாற்காலியில்தான். வீட்டுக்கு வந்தால் கட்டிலில் சாய்ந்து மடியில் லேப்டாப்.

கூட்டிப் பார்த்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாது. இருபது, இருபத்தொரு வயதிலேயே கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்பவர்கள் வகுப்புக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். தைலம் தடவுகிறார்கள், வலி மாத்திரை போடுகிறார்கள். "சி.ஏ. படிச்சா இதெல்லாம் சகஜம்டா" என்று சீனியர்கள் ஆறுதல் வேறு சொல்கிறார்கள்.

சகஜம் என்று ஏற்றுக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்குப்படி 2020இல் உலகம் முழுக்க 61.9 கோடி பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. 2050இல் இது 84.3 கோடியாகும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கிப்போடும் காரணங்களில் உலகிலேயே முதலிடம் இதற்குத்தான். 40 வருடம் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறவர், முதல் இரண்டு வருடத்திலேயே முதுகை இழந்தால் என்ன ஆவது?

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது நேராகக் கழுத்தெலும்பின் மேல் இருக்கும்போது பின்கழுத்துத் தசைகளுக்கு வேலை குறைவு. தலை முன்னால் போகப் போக, அதை விழாமல் பிடித்துக்கொள்ள அந்தத் தசைகள் அதிகமாக இழுக்க வேண்டும். கிணற்றில் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

மொபைல் பார்ப்பவரின் கழுத்தில் 27 கிலோ எடை இறங்குவதாக ஒரு படம் வாட்ஸப்பில் சுற்றுகிறதே, பார்க்காதவர் இருக்க முடியாது. அது 2014இல் ஒரு அமெரிக்க அறுவை மருத்துவர் கம்ப்யூட்டர் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு. தலையை 60 டிகிரி குனிந்தால் வருகிற சுமை அது. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் நிறைய. ஆனால் 27 கிலோ என்பது மனித உடம்பு தாங்காத எடையா? கோயம்பேடு சந்தையில் தலையில் மூட்டை தூக்குபவர் அதைவிட அதிகம் சுமக்கிறாரே!

எடையைவிட நேரம்தான் விஷயம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துப் பார்க்கலாம். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடத்தில் தோள் எரியும். பத்தாவது நிமிடம் "போதும்டா சாமி" என்று கீழே வைத்துவிடத் தோன்றும். எடை என்னவோ அதே ஒரு கிலோதான். கழுத்தும் தோளும் இதையேதான் தினமும் மணிக்கணக்கில் செய்கின்றன. கீழே வைக்க மட்டும் அனுமதி இல்லை.

"நிமிர்ந்து உட்கார்" என்ற அறிவுரை எங்கே சறுக்குகிறது என்பது இப்போது புரியும். நிமிர்ந்து உட்காருவதற்கும் தசைதான் உழைக்க வேண்டும். பலமில்லாத முதுகு இரண்டு நிமிடத்தில் களைத்துப்போய்ச் சாய்ந்துவிடுகிறது. அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது, சாப்பிடாதவனை ஓடச் சொல்லிவிட்டு "ஏன் விழுந்தாய்?" என்று கேட்பது மாதிரி.

இன்னொன்று. அசையாமல் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்தாலும் வலிக்கும். 2019இல் முதுகுவலி ஆராய்ச்சியாளர்கள் சிலர் பிஸியோதெரபி இதழ் ஒன்றில், "நேராக உட்கார்" என்ற அறிவுரையையே மறுபடி யோசிக்க வேண்டும் என்று எழுதினார்கள். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே ஒரு சரியான நிலை என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் வாதம். கூனல் இருந்தும் வலி இல்லாதவர்கள் இருக்கிறார்கள். குச்சி மாதிரி நிமிர்ந்திருந்தும் வலியால் துடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, சரிசெய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒரே நிலையில் கிடப்பது. இரண்டு, முதுகின் பலவீனம். இந்த இரண்டையும் தொடாமல் வளைவை மட்டும் நிமிர்த்தப் பார்த்தால் பலன் இருக்காது.

இரண்டு நிமிடம் போதும் என்கிறது டென்மார்க்

டென்மார்க்கில் ஒரு சோதனை நடந்தது. 2011இல் வெளியானது. கழுத்து, தோள் வலி அடிக்கடி வரும் அலுவலக ஊழியர்கள் 198 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினம் 2 நிமிடம், இன்னொரு குழு தினம் 12 நிமிடம், எலாஸ்டிக் பேண்டை வைத்துத் தோளுக்குப் பலம் தரும் பயிற்சி செய்தது. வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 10 வாரம். மூன்றாவது குழுவுக்கு ஆரோக்கியத் தகவல்கள் மட்டும் மின்னஞ்சலில் போயின.

பயிற்சி செய்த இரண்டு குழுவுக்கும் வலி குறைந்தது. 12 நிமிடக்காரர்களுக்கு மட்டும் இல்லை, வெறும் 2 நிமிடம் செய்தவர்களுக்கும்! ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற நேரம் அது.

பயிற்சியும் பெரிய வித்தை இல்லை. பேண்டின் நடுவைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு முனைகளையும் கையில் பிடித்து, கைகளைப் பக்கவாட்டில் தோள் உயரம் வரை தூக்கி மெதுவாக இறக்குவது. அவ்வளவுதான். பழகப் பழக கொஞ்சம் கடினமான பேண்டுக்கு மாற வேண்டும். விளையாட்டுச் சாமான் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அதே சில நூறு ரூபாய்க்கு "பத்து நாளில் கூன் நிமிரும்" என்று தோளில் மாட்டும் பெல்ட்டும் ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கியவர்கள் பலர். அலமாரியில் தொங்குகிற பெல்ட்களும் பல. பெல்ட் தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது, சரி. அப்போது தசை என்ன செய்கிறது? ஓய்வெடுக்கிறது. கழற்றியதும் பழைய கதைதான். இடுப்பு பெல்ட் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. நாள்பட்ட கீழ்முதுகு வலி பற்றி 2023 டிசம்பரில் வந்த அதன் வழிகாட்டுதல், உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. வழக்கமான சிகிச்சையாக இடுப்பு பெல்ட் வேண்டாம் என்கிறது.

என்னென்ன செய்யலாம்?

முதலில் நீட்டிவிடும் பயிற்சிகள்.

1. தாடையைப் பின்னுக்கு இழுப்பது: நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமல், தாடையை மட்டும் பின்னால் இழுக்க வேண்டும். 'இரட்டைத் தாடை' விழும். யாரும் பார்க்காதபோது செய்வது நல்லது :-) ஐந்து நொடி பிடித்து விட வேண்டும். 10 முறை.

2. மார்பை விரிப்பது: வாசல் நிலையின் இரண்டு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து மெதுவாகச் சாய வேண்டும். மார்பின் முன்பக்கம் இழுபடுவது தெரியும். 30 நொடி, இரண்டு முறை.

3. இடுப்பின் முன்பக்கம்: ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, மற்ற காலை முன்னால் மடித்து வைத்து, இடுப்பை மெல்ல முன்னால் தள்ள வேண்டும். நாள் முழுக்க மடங்கியே கிடக்கும் பகுதி இது. ஒவ்வொரு பக்கமும் 30 நொடி.

நீட்டிவிட்டவுடன் சுகமாக இருக்கும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சுகம் அரை மணி நேரத்தில் கரைந்துவிடும். தங்க வேண்டுமென்றால் பலம் சேர்க்கும் பயிற்சிகளும் வேண்டும்.

4. இழுப்பது: ஒரு துணிப்பையில் அக்கவுண்டன்ஸி புத்தகங்களைப் போட்டால் போதும், கனத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மற்ற கையால் பையை இடுப்பு வரை இழுத்து இறக்க வேண்டும். தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர வேண்டும். ஒவ்வொரு கையிலும் 10 முதல் 12 முறை, மூன்று சுற்று.

5. குப்புறப் படுத்துத் தூக்குவது: குப்புறப் படுத்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து, நெஞ்சைத் தரையிலிருந்து கொஞ்சம் மட்டும் தூக்கிச் சில நொடி நிறுத்த வேண்டும். கழுத்தை அண்ணாந்து பார்க்கக் கூடாது. 10 முறை.

6. இடுப்பைத் தூக்குவது: மல்லாந்து படுத்து, முட்டியை மடித்து, பாதத்தை ஊன்றி இடுப்பை உயர்த்துவது. யோகாவில் சேதுபந்தாசனம் என்பார்கள். நாற்காலியில் அழுந்தியே தூங்கிப்போன புட்டத் தசைகளை எழுப்ப இது போதும். 12 முறை, மூன்று சுற்று.

7. பிளாங்க்: முன்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி பிடிப்பது. 20 நொடியில் ஆரம்பித்தால் போதும். முகநூலில் போட ஐந்து நிமிடம் முயற்சி செய்ய வேண்டியதில்லை.

பலப் பயிற்சி தினமும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் வருட வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சி என்றுதான் சொல்கிறது. முதல் பகுதியை எல்லோரும் 'வாக்கிங்' என்று ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பகுதியை ஏனோ வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

முக்கியமான விஷயம், கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பையில் இன்னொரு புத்தகம். கூட்டு வட்டி எப்படி ஏறும் என்று காமர்ஸ் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் மாதம் பாஸ்புக்கில் ஒன்றும் தெரியாது. அதற்காகக் கணக்கை மூடிவிடுவார்களா?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பல கல்லூரிப் பையன்களின் ஜிம் அட்டவணையில் திங்கள்கிழமை மார்பு, புதன்கிழமை மார்பு, வெள்ளிக்கிழமை கை. கண்ணாடியில் தெரிகிற பாகத்துக்கு மட்டும் பூஜை! தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி இரண்டு செய்வது, மேஜையில் வேலை செய்கிறவர்களுக்கு நல்ல கணக்கு. பார்க்க முடியாத முதுகுதான் நாள் முழுக்கத் தலையைச் சுமக்கிறது.

பொய்யாக ஆசை காட்டவும் கூடாது. இதையெல்லாம் செய்தால் மூன்று மாதத்தில் முதுகு ராணுவ வீரர் மாதிரி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தோற்றம் மாறுவது ஆளுக்கு ஆள் வேறுபடும், கொஞ்சமாகவும் இருக்கலாம். வலி குறைவதும், அதே வேலையை அலுப்பில்லாமல் செய்ய முடிவதும்தான் முதலில் வரும் பலன். அதுவே பெரிய லாபம்தான்.

மேஜையையும் கொஞ்சம் கவனிக்கலாம்

இருபதாயிரம் ரூபாய் நாற்காலி தேவையில்லை. லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிமனான புத்தகம் வைத்தால் திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வந்துவிடும். தனிக் கீபோர்டும் மவுஸும் போட்டுக்கொண்டால் தோள் தளரும். பாதம் தரையில் படாவிட்டால் ஒரு பலகை. இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. முடிந்தது.

இத்தனையும் செய்துவிட்டு நாலு மணி நேரம் அசையாமல் இருந்தால் பிரயோஜனம் இல்லை. அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்திருக்க வேண்டும். தண்ணீர் பிடிக்க, போன் பேச, பிரிண்டரில் தாள் எடுக்க... சாக்கா இல்லை?

எழுந்தால் முறைக்கும் மேனேஜர்கள்

சாக்கு இருக்கிறது. ஆனால் எழுந்திருக்க விடுவார்களா என்பதுதான் கேள்வி. "சீட்ல இல்லாம எங்க சுத்திட்டு இருக்க?" என்று கேட்காத அலுவலகம் குறைவு. சீட்டில் இருப்பதுதான் வேலை என்று நினைக்கிற மனோபாவம் இது. புதிதாகச் சேர்ந்த ஆர்ட்டிகிள் மாணவருக்கோ, டேட்டா என்ட்ரி செய்யும் பெண்ணுக்கோ சீனியரைத் தாண்டி எழுந்து நடக்கும் தைரியம் வராது. அவர்களிடம் போய்ப் பயிற்சி செய்யவில்லை என்று குறைபட்டு என்ன பயன்?

2018இல் கேரளாவும் 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கின. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நின்றே கால் வீங்கிப்போன பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! நின்றுகொண்டே இருப்பவருக்கு உட்கார உரிமை வேண்டும் என்பது புரிந்துவிட்டது. உட்கார்ந்தே இருப்பவர் எழுந்து நடக்க வேண்டும் என்பது மட்டும் ஏன் இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது? இரண்டும் ஒரே உடம்பின் ஒரே கோரிக்கைதானே? பிரிட்டனில் 1992லேயே, திரை முன்னால் செய்யும் வேலைக்கு இடையிடையே ஓய்வோ வேலை மாற்றமோ வரும்படி திட்டமிடுவது முதலாளியின் கடமை என்று விதி போட்டுவிட்டார்கள்.

ஜப்பானில் 1928இலிருந்து வானொலியில் காலை உடற்பயிற்சி ஒலிபரப்பாகிறது. பியானோ இசைக்கு ஏற்பச் சுமார் மூன்று நிமிடப் பயிற்சி. தொழிற்சாலைகளிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் எல்லோரும் வரிசையாக நின்று செய்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறார்கள். மேனேஜரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். மூன்று நிமிடத்தில் அந்த நாட்டுப் பொருளாதாரம் ஒன்றும் சரிந்துவிடவில்லையே!

இங்கே ஒரு ஆடிட்டர் அலுவலகம் காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மூன்று மூன்று நிமிடம் எல்லோரையும் எழுந்து கைகாலை நீட்டச் சொன்னால் என்ன நஷ்டம்? ஒரு நாளைக்கு ஆறு நிமிடம். கழுத்து வலியால் ஒருவர் ஒரு நாள் லீவு போட்டால் போகும் நேரத்தில், இந்த ஆறு நிமிடத்தை எத்தனை நாளுக்குக் கொடுக்கலாம் என்று ஆடிட்டர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வலி கையிலோ காலிலோ இறங்கி மரத்துப்போனால், பலம் குறைந்தால், சிறுநீர், மலம் கட்டுப்பாடு மாறினால், காய்ச்சலோ காரணமில்லாத எடை குறைவோ சேர்ந்து வந்தால், அடிபட்ட பிறகு வலி ஆரம்பித்தால் பயிற்சி, தைலம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்சி செய்யும்போது தசை இழுபடுவதும் களைப்பதும் சரி. குத்துகிற மாதிரி வலித்தால் நிறுத்திவிட வேண்டும். ஏற்கெனவே டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள் பிஸியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

மற்றவர்களுக்கெல்லாம் இன்று இரவே ஆரம்பிக்கலாம். துணிப்பை வீட்டில் இருக்கிறது. புத்தகங்களும் இருக்கின்றன, சிலர் வீட்டில் இன்னும் பிரிக்கப்படாமலேயே. படிக்கத் தூக்காவிட்டாலும் முதுகுக்காகவாவது தூக்கலாமே!

அடுத்த முறை யாராவது ஒரு பையனைப் பார்த்து "நிமிர்ந்து உக்காரு" என்று சொல்ல வாயெடுத்தால், அதை விட்டுவிட்டு "வாடா, எழுந்து ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டுப் பார்க்கட்டும். அவன் முதுகுக்கும் நல்லது, கூப்பிட்டவர் முதுகுக்கும் நல்லது.